எனக்குப் படிக்கத் தெரியாதாம்

ஆகஸ்ட் 4, திங்கள்

வீணா மேடம் இன்றைக்கு எனக்கு மாதுளம்பழம் உரித்துக் கொடுத்தார். உரித்து, கிண்ணத்தில் போட்டு, ஸ்பூன் வைத்து. அந்த வீட்டில் மாதுளை உரிப்பது என் வேலை. மே மாதம் நான் சேர்ந்ததிலிருந்து அந்த அம்மா ஒரு வாழைப்பழத்தைக்கூடத் தானாக உரித்து நான் பார்த்ததில்லை.

ஏன்?

சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே சந்தேகப்பட்டேன். எனக்கு இரண்டும் ஒன்றாக வரும்.

"உட்கார்ந்து சாப்பிடு" என்று வேறு சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. சோபாவா, தரையா என்று யோசித்து, நின்றுகொண்டே முடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரயிலில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் வண்டியின் தப்பு.

பாஞ்சாலி அக்காவிடம் பழ விஷயத்தைச் சொன்னேன். அவளும் எங்கள் ஊர் கேஜிஎஃப்தான். நான் வேலை செய்யும் அதே அபார்ட்மென்ட் டவரில் இரண்டு மாடி கீழே சமையல் செய்கிறாள். தினமும் ஒரே வண்டியில் வந்து வைட்ஃபீல்டில் இறங்குவோம்.

"பழம் குடுத்தா துன்னுட்டுப் போவியா, ஆராய்ச்சி பண்ணிக்கினு கீற" என்றாள். பங்காரப்பேட்டை தாண்டியதும் அவளே, "ஆமா, இன்னாத்துக்குடி குடுத்தா?" என்றாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இதை ஒழுங்காக எழுதி வைக்கணும். அபார்ட்மென்ட் அசோசியேஷன் ஆபீஸ் டெஸ்க்கில் உட்காரும் பெண் கல்யாணமாகி மைசூருக்குப் போகிறாள். நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். பி.யூ.சி. (பிளஸ் டூதான்) பாஸ், கன்னடமும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியணும், அங்கே குடியிருக்கிற ஒருவர் சிபாரிசு செய்யணும். வேலை மதியத்தோடு முடியும்.

மதியத்தோடு. அதற்கப்புறம் ஈவ்னிங் காலேஜில் பி.காம். சேரலாம். பி.யூ.சி.யில் அக்கவுண்டன்சியில் டிஸ்டிங்ஷன் வாங்கிவிட்டு மாப் பிழிந்துகொண்டிருக்கிறேன். அப்பாவின் பீன்யா ஃபேக்டரி ஆட்குறைப்பு செய்யாமல் இருந்திருந்தால் ரெகுலர் காலேஜே போயிருப்பேன். அதை விடு.

அந்த நாற்காலி எனக்கு வேணும். சிபாரிசுக்கு எனக்குத் தெரிந்த ஒரே ஆள் வீணா மேடம். பழம் தருகிற மூடில் இருக்கும்போதே கேட்கலாமா? ஆனால் அந்த மூடுக்குக் காரணம் தெரியாமல் எப்படிக் கேட்பது?

ஆகஸ்ட் 11, திங்கள்

இப்போது பையனும் ஆரம்பித்துவிட்டான். ஷ்ரேயாஸ், மேடத்தின் ஒரே பிள்ளை. பன்னிரண்டாவது படிக்கிறான். என்னைவிட ஒரு வயது சின்னவன், ஆனால் நான் 'அண்ணா' என்றுதான் கூப்பிடணும். மேடத்தின் சட்டம்.

இன்றைக்கு அண்ணா எனக்குக் கதவைத் திறந்து, "குட் மார்னிங் பிரிசில்லா, எப்படி இருக்கே?" என்றான். மூன்று மாதமாக என்னைச் சுவர் மாதிரி கடந்து போனவன். பிறகு நான் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று போனில் போட்டோ எடுத்தான். முகத்தை இல்லை. கையை. சோப்பு நுரையோடு.

பாஞ்சாலி அக்கா சொன்னாள்: "லவ்வுடி."

"நான் அவனை அண்ணான்னு கூப்பிடறேன்க்கா."

"கூப்ட்டா? ஊர்ல அண்ணான்னு கூப்ட்டவள எவனும் கட்டிக்கலியா?"

கையைப் போட்டோ எடுத்தான் என்று சொன்னதும் லவ்வை விட்டுவிட்டாள். முகம் மாறிவிட்டது. "கிட்னி" என்றாள். "கையப் பாத்தே ஒடம்புல ரத்தம் எவ்ளோ கீதுன்னு சொல்லிடுவாங்களாம். பழம் குடுத்து ஒடம்பத் தேத்தறாங்க. ஜாக்கிரதை."

சிரித்தேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் கையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மேடம் இன்று என்னைப் பற்றிக் கேட்டார். கன்னடத்தில்தான் பேசுவார், எனக்கு எழுதுவது தமிழில் வருகிறது.

"உன் அப்பா குடிப்பாரா?"

"இல்ல மேடம்."

"கொஞ்சம்கூட?"

"கிறிஸ்மஸுக்கு ஒயின் குடிப்பார்."

முகம் வாடிவிட்டது. பிறகு, சின்ன வயதில் பட்டினி கிடந்திருக்கிறாயா என்றார். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி என்றேன். வீட்டில் யாராவது தங்கச் சுரங்கத்தில் செத்திருக்கிறார்களா என்றார். தாத்தா மைன்ஸில்தான் வேலை செய்தார், ஆனால் ரிட்டயராகி, பல்செட் கட்டி, தூக்கத்தில் போனார் என்றேன். ஒவ்வொரு பதிலுக்கும் அந்த அம்மா சோர்ந்துகொண்டே போனார். கடைசியில் எனக்கே பாவமாக இருந்தது. ஏதாவது கஷ்டம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

எதற்கு இதெல்லாம்?

ஆகஸ்ட் 20, புதன்

தெரிந்துவிட்டது. கிட்னி இல்லை.

சோபாவில் உட்காரச் சொன்னார்கள். (சோபாதான்.) எதிரே லேப்டாப்பில் நீல் என்று ஒருத்தர். அமெரிக்கா காலேஜில் சேர்வதற்கு வழிகாட்டுகிறவராம். அந்த ஊர் காலேஜுக்கு மார்க் மட்டும் போதாதாம், பையன் சமூகத்துக்கு ஏதாவது செய்திருக்கணுமாம். ஷ்ரேயாஸ் அண்ணா சமூகத்துக்கு இதுவரை எதுவும் செய்யவில்லை. அதனால் இனி செய்யப்போகிறான். சமூகம் நான்.

"ஷ்ரேயாஸ் அண்ணா உனக்கு எழுதப் படிக்கக் கத்துக்கொடுக்கப் போறான்" என்றார் மேடம். கண்ணில் தண்ணீர் நிற்கிறது அவருக்கு. "சந்தோஷமா?"

"எனக்குத் தெரியும் மேடம். பி.யூ.சி. முடிச்சிருக்கேன்."

மேடம் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது. "எப்போ?" என்றார். அவருக்குத் தெரியாமல், அவர் வீட்டு அடுப்படியில் ஒளிந்துகொண்டு நான் பாஸ் செய்தது போல.

பிறகு மேடமும் நீலும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். என் எதிரிலேயே. பி.யூ.சி. என்று சொன்ன பிறகும். நீல் கேட்டார், இது வேறு யாருக்காவது தெரியுமா என்று. மேடம், வேறு பெண் பார்க்க நேரமில்லை, போட்டோவெல்லாம் இவளை வைத்து எடுத்தாயிற்று என்றார். ஷ்ரேயாஸ் குஷனின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

முடிவாக என் பக்கம் திரும்பி, "ஒந்து சண்ண ஹெல்ப்" என்றார் மேடம். சின்ன உதவி. படிக்கத் தெரியாதவள் மாதிரி ஒரு வீடியோவில் உட்காரணும்.

நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சொன்னேன். டெஸ்க் வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்யணும், முதலில் சிபாரிசு, பிறகு வீடியோ. வீடியோவில் முகம் தெரியக் கூடாது.

"என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்.

இல்லை என்று சொல்லவில்லை. தரையைப் பார்த்தேன். தரை அதைச் சொல்லிவிட்டது போல, என் எதிரிலேயே போனை எடுத்து அசோசியேஷன் செக்ரெட்டரி ஓஸ்வால்ட் சாரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில். "நம்ம பிரிசில்லா, ரொம்ப நல்ல பொண்ணு, நேர்மையானவ." அவரும் சரி, இன்டர்வியூவுக்கு அனுப்புங்க என்றார்.

கூப்பிட்டது உண்மையிலேயே ஓஸ்வால்ட் சாரைத்தானா? மங்களூர்க்காரர் குரல் மாதிரிதான் இருந்தது. சாயந்திரம் அவர் வாக்கிங் போகும்போது பின்னாலேயே கொஞ்ச தூரம் போய், அவர் போனில் பேசுகிற குரலைக் கேட்டேன். அவர்தான். திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஆகஸ்ட் 30, சனி

படம் பிடித்தார்கள். இவ்வளவு கஷ்டமென்று தெரியாது.

ஒரு எழுத்தை வாசிக்காமல் எப்படிப் பார்ப்பது? யாராவது செய்து காட்டட்டும். அட்டையில் BISCUIT என்று எழுதி நீட்டினான் ஷ்ரேயாஸ். பார்த்த உடனே பிஸ்கட். கண்ணைச் சுருக்கினேன், பிஸ்கட். மூக்கைப் பார்த்தேன், ஓரக்கண்ணில் பிஸ்கட். "உன் கண்ணு இடமிருந்து வலம் போவுது பிரிசில்லா, தெரியுது" என்று நிறுத்தி நிறுத்தி எடுத்தான். அட்டையைத் தலைகீழாகப் பிடித்தேன். "சினிமாத்தனமா இருக்கு" என்றான். தலைகீழாகவும் பிஸ்கட்தான், அது வேறு விஷயம்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். சர்ச்சில் நீளமான பிரசங்கத்தின்போது வைத்திருப்பேனே, அந்த முகம். சரியாக இருந்தது.

நடுவில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. சிரிக்கும்போது அவன் சாதாரணமாக இருக்கிறான். "எதுக்கு இதெல்லாம் பண்றே?" என்று கேட்டேன். அண்ணா போடவில்லை, மறந்துவிட்டது. "அம்மா ஆரம்பிச்சிட்டாங்க" என்றான். "நிறுத்தறது எப்படின்னு தெரியல."

நம்பலாமா? தெரியவில்லை.

செப்டம்பர் 3, புதன்

நீல் வேண்டாம் என்றுவிட்டார். முதுகு மட்டும் தெரிந்தால் உணர்ச்சி இல்லையாம். முகம் வேணுமாம்.

செப்டம்பர் 6, சனி

முகம் கொடுத்தேன்.

காலேஜ்காரர்கள் மட்டும்தான் பார்ப்பார்கள், இந்த ஊரில் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று மேடம் சத்தியம் செய்தார். இன்டர்வியூ தேதி இன்னும் வரவில்லை. சிபாரிசு செய்த வாய்க்கு அதைத் திருப்பி வாங்க எவ்வளவு நேரம் ஆகும்? அதனால்தான்.

வீடியோவில் என் பெயரை நானே முதன்முதலாக எழுதுகிறேன். விரலை அழுத்தி, நாக்கைக் கடித்து. ஷ்ரேயாஸ் கை தட்டுகிறான். மேடம் கேமராவுக்குப் பின்னால் நிஜமாகவே அழுதார்.

வீட்டில் சொன்னேன். அம்மா சாப்பாடு போடும்போது, "அந்த மார்க்கு கார்ட லேமினேட் பண்ணி பீரோல வெச்சிக்கீறேன் நானு" என்றாள். அவ்வளவுதான். குழம்பு ஊற்றினாள்.

அக்டோபர் 18, சனி

தீபாவளி நெருங்குகிறது. இன்டர்வியூ தேதி வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை. காலையில் கேட்டில் செக்யூரிட்டி கிருஷ்ணப்பா அண்ணன் என் பையைப் பார்க்கக்கூட இல்லை, கையைப் பிடித்துக் குலுக்கினார். படிக்கக் கத்துக்கிட்டியாமே, ரொம்ப சந்தோஷம்மா, விட்டுடாதே என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே போனை எடுத்துக் காட்டினார். ரெசிடென்ட்ஸ் குரூப்பில் யாரோ போட்டது, யாரோ அவருக்கு அனுப்பியது. நான். நாக்கைக் கடித்துக்கொண்டு. 'எங்கள் வீட்டுத் தீபம்' என்று மேடம் எழுதியிருக்கிறார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

சத்தியம் பண்ணுச்சே அந்தப் பொம்பள. சத்தியம். நான்தான் சொன்னேனே, நான்தான் மொதல்லயிருந்து சொன்னேனே, பழம் உரிச்சிக் குடுத்தப்பவே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சது. தெரிஞ்சும் துன்னேன்.

மேலே போய்க் கேட்டேன். மேடம் ஆச்சரியப்பட்டார். "எல்லாரும் உன்னைப் பாராட்டறாங்களே, அதுக்கா கோபம்?" டெஸ்க் வேலைக்குப் படிக்கத் தெரியணுமே மேடம் என்றேன். அப்போதுதான் அந்த அம்மாவுக்கு அது தோன்றியது. நிஜமாகவே அப்போதுதான். சிபாரிசு செய்ததும் அவர்தான், வீடியோ போட்டதும் அவர்தான், இரண்டும் அவர் தலையில் வேறு வேறு அறையில் இருந்திருக்கின்றன.

"நான் பேசிக்கறேன்" என்றார். பேசமாட்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

எல்லாவற்றையும் எழுதணும், வரிசையாக.

ஓஸ்வால்ட் சாரும் டிரெஷரர் ஷில்பா மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனதுமே ஷில்பா மேடம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, காது கேட்காதவளிடம் பேசுவது போலப் பேசினார். வீடியோ பார்த்தோம், ரொம்பப் பெருமை, ஆனால் இந்த வேலையில் நிறைய எழுதணும். இன்னும் நல்லாக் கத்துக்கிட்டு அடுத்த வருஷம் வா.

மார்க் கார்டை மேஜையில் வைத்தேன். அம்மாவின் லேமினேஷனோடு.

இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. பிறகு ஓஸ்வால்ட் சார் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதை யார் செய்து கொடுத்தாங்க?" என்றார். காசு கொடுத்து வாங்கிய மார்க் கார்டு என்று நினைக்கிறார். என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. நான் மற்றவர்களைப் பார்ப்பது. அது மேலே விழும்போது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கே இருந்த செய்தித்தாளை எடுத்து வாசித்தேன். பாதி பத்தி வாசித்ததும் ஷில்பா மேடம், "மனப்பாடமா?" என்றார். இன்றைய பேப்பர்.

"அந்த வீடியோ நடிப்பு மேடம்" என்றேன். சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை. வேலைக்காரப் பெண் முதலாளி வீட்டுப் பையனைப் பொய்யன் என்கிறாள், அப்படித்தான் பார்த்தார்கள். "வேணும்னா ஷ்ரேயாஸைக் கேளுங்க" என்றேன். ஓஸ்வால்ட் சார் இன்டர்காமில் கூப்பிட்டார்.

அவன் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். எதற்கு வருவான்? அமெரிக்கா அந்த வீடியோவில் இருக்கிறது. வந்தாலும் என்னைத் தெரியாத மாதிரி நிற்பான். மார்க் கார்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வந்தான். பாதி தின்ற தோசை கையிலேயே இருந்தது. தட்டில்லை, தோசை மட்டும். "அவளுக்கு எப்பவுமே படிக்கத் தெரியும் அங்கிள்" என்றான். "நாங்கதான் அப்படி எடுத்தோம்." சொல்லிவிட்டு, "அம்மாகிட்ட சொல்லாதீங்க, ப்ளீஸ்" என்றான்.

ஓஸ்வால்ட் சார் உடனே வீணா மேடத்தைப் போனில் கூப்பிட்டார்.

மேடம் இறங்கி வந்தார். மார்க் கார்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தோசையைப் பார்த்தார். பிறகு, நான் சாகும்வரை மறக்கமாட்டேன், சிரித்த முகத்தோடு சொன்னார்: "பார்த்தீங்களா, ஷ்ரேயாஸ் எவ்வளவு வேகமாக் கத்துக்கொடுத்திருக்கான்."

ஆகஸ்ட்டில் எழுத்து தெரியாது, அக்டோபரில் பி.யூ.சி. ஓஸ்வால்ட் சார் மார்க் கார்டில் இருந்த ஏப்ரல் மாதத் தேதியைச் சத்தமாகப் படித்தார். ஷ்ரேயாஸ் தோசையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"நீயும்தான் பொய் சொல்லியிருக்கே" என்றார் ஓஸ்வால்ட் சார் என்னிடம். ஆமாம் சார் என்றேன். வேறு என்ன சொல்வது.

யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். லிஃப்ட் வாசலில் மேடம் என் முகத்தைப் பார்க்காமல், நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

அக்டோபர் 27, திங்கள்

வீட்டில். பாஞ்சாலி அக்கா ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் வாசலில் நின்று, "போனா போவுதுடி, கிட்னி கீதில்ல" என்றாள்.

அழுதேன். எழுதிவிட்டேன், போதும்.

நவம்பர் 3, திங்கள்

போன் வந்தது. மூன்று மாதம் சோதனைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். "டெஸ்க்கில் நடிக்கக் கூடாது" என்றார் ஓஸ்வால்ட் சார். கோபமாகச் சொன்னாரா, கிண்டலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்மா மார்க் கார்டைத் துடைத்து பீரோவில் வைத்தாள்.

நவம்பர் 12, புதன்

நாற்காலி நன்றாகச் சுற்றுகிறது. யாரும் இல்லாதபோது.

ஷ்ரேயாஸ் பார்சல் வாங்க வந்தான். "பிரிசில்லா" என்றான், நான் "ஷ்ரேயாஸ்" என்றேன். அண்ணா முடிந்தது. அமெரிக்கா என்ன ஆச்சு என்று கேட்டேன். முகமெல்லாம் வெளிச்சம்.

நீலிடம் எல்லாவற்றையும் சொன்னானாம். அவர் கோபிக்கவே இல்லையாம். துள்ளினாராம். பழைய கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஷ்ரேயாஸ் சொன்ன பொய்யையும் அதை எல்லார் எதிரிலும் ஒத்துக்கொண்டதையும் எழுதச் சொன்னாராம். முன்னைவிட நூறு மடங்கு நல்ல கட்டுரையாம். கையில் தோசையோடு நின்றதைக்கூட எழுதியிருக்கிறானாம்.

"நீல்கிட்ட எப்போ பேசினே?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு ராத்திரி. ஏன்?"

"சும்மா."

ராத்திரி என்றால் எனக்காக வந்தான். முந்தியே பேசியிருந்தால் கட்டுரைக்காக வந்தான். கிட்டத்தட்ட நம்புகிறேன். தோசை அவனைக் காப்பாற்றுகிறது. திட்டம் போட்டு வருகிறவன் தோசையை வைத்துவிட்டு வந்திருப்பான். ஆனால் தோசை இருந்தால் நன்றாக இருக்கும் என்று திட்டம் போட்டிருந்தால்?

போதும் பிரிசில்லா. வேலையைப் பார்.

டிசம்பர் 1, திங்கள்

இன்று வேலை நெருக்கடி. மாதத்தின் முதல் நாள், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பாஸ் போடணும். போட்டோ எடுத்து, ஆதார் பார்த்து, ஃபாரத்தில் கையெழுத்து வாங்கணும். பிளம்பர், டிரைவர், ஒரு நர்ஸ். வரிசை வாசல்வரை.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அக்கா வந்தார். ராய்ச்சூர்ப் பக்கம். கையில் குழந்தை, காலில் ரப்பர் செருப்பு. வீணா மேடம் வீட்டுக்கு, என் பழைய வேலைக்கு. ஃபாரத்தை நானே எழுதி முடித்து, அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டே, ஸ்டாம்ப் பேடைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினேன். "கட்டை விரல்" என்றேன்.

விரல் வரவில்லை. நிமிர்ந்தேன். அந்த அக்கா ஸ்டாம்ப் பேடைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பழம் உரித்துக் கொடுத்தவரை நான் பார்த்த மாதிரி இல்லை, அதைவிட மோசம். பழகிப்போன மாதிரி பார்த்தார்.

"பென் கொடி" என்று கன்னடத்தில் பேனா கேட்டார்.

கொடுத்தேன். குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, நான் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். ஊர்ப் பெயரில் நான் விட்டிருந்த எழுத்தைச் சேர்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். மன்னிச்சிக்கோங்க அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் நின்ற டிரைவர் ஆதாரை நீட்டிவிட்டான்.